இருபத்துமூன்று வெள்ளிக்கிழமைகள்

பயணத்துக்கு அறுபது டாலர், இருபத்துமூன்று பயணம்.
கால்பந்துப் பையன்களை வெளியூர் ஆட்டத்துக்கு ஏற்றிப்போய்
தோற்ற வியர்வை நாற்றத்தோடு
நள்ளிரவில் கொண்டுவந்து இறக்கிய கூலி.
ஆயிரத்து முந்நூற்று எண்பது.
டெல்மருக்குத் தெரியாத கணக்கில் கிடந்தது.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
கேட்கவில்லை.

"இந்தக் காசுக்கு மட்டமானதும் வராது, உசத்தியானதும் வராது"
என்றான் கோரி ப்ளெவின்ஸ்.
வேறென்ன வரும் என்றேன்.
"தலைவலி."
வர்ஜீனியாவின் இந்த மூலையில்
பாஞ்சோ விற்கிறவன் இவ்வளவு உண்மை பேசுவது
தொழிலுக்கு ஆகாது.

மூன்றை இறக்கி வைத்தான்.

முதலாவது, தங்க முலாம்.
கழுத்து நெடுக முத்துச்சிப்பிக் கொடி, இலை, மொட்டு,
கல்யாண வீட்டு வாசல்போல.
தூக்கினேன். கை ஏமாந்தது,
படிகள் முடிந்தது தெரியாமல்
இல்லாத படியில் காலை வைத்ததுபோல.
உள்ளே வளையம் என்ன என்று கேட்டேன்.
"துத்தநாகக் கலவை"
என்று தரைக்குச் சொன்னான் கோரி.
ஆனாலும் வாசித்தேன்.
நன்றாகத்தான் இருந்தது, பொல்லாப்பு அதுதான்.
ஒலியெல்லாம் ஒன்றோடொன்று ஈஷிக்கொண்டு
என் தப்புகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டது.
பதினைந்து நிமிடம்
நான் பெரிய வாசிப்புக்காரியாக இருந்தேன்.

இரண்டாவது புதிது.
மேப்பிள் மரம், வெண்கல வளையம்,
மடியில் வைத்ததும் தொடை ஒப்புக்கொள்ளும் கனம்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
விலைச்சீட்டைப் பார்த்தேன், வரியைக் கூட்டினேன்.
இன்னும் ஒரு வெள்ளிக்கிழமையும் எட்டு டாலரும்
வேண்டியிருந்தது.
சீட்டைத் திரும்பத் தொங்கவிட்டேன்,
முகம் பார்க்காமல்.

மூன்றாவது யாருடையதோ.
வால்நட். பின்கிண்ணத்தில் பெல்ட் பக்கிள் கீறிய அரைவட்டம்,
தலையில் சிகரெட் சுட்ட வடு,
ஐந்தாம் தந்தியின் முறுக்காணி
பிடித்துவைத்தால் நழுவுகிறது.
ஆயிரத்து நூற்றைம்பது.
காலையில் பேருந்தின் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பேனே
அதேபோல் விரல் முட்டியால் விளிம்பைத் தட்டினேன்.
ணங் என்றது. நின்றது.
வெண்கலம்.

உலோக நகங்களை மாட்டிக்கொண்டு தொடங்கினேன்.
கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்,
சுரங்கள் நிறுத்தத்தில் பிள்ளைகள் ஏறுவதுபோல்
ஒவ்வொன்றாக, தனித்தனியாக,
பெயர் சொல்லிக் கூப்பிடலாம்போல ஏறின.
நடுவிரல் மட்டும் தாமதம்.
ஒவ்வொரு சுற்றிலும் தாமதம்,
ஷூ நாடா அவிழ, பை தோளில் சரிய
கதவு மூடும் நேரத்தில் ஓடிவரும்
கில்கோர் வீட்டுப் பையனைப்போல.

ஒன்பது வருடமாக வாசிக்கிறேன்.
தீயணைப்பு நிலையத்து வியாழக்கிழமைக் கூட்டத்தில்
மாண்டலின்காரன் ஏன் என்னைப் பார்த்துப்
புருவம் தூக்குகிறான் என்று
இன்றைக்குத்தான் விளங்கியது.
என் பழைய பாஞ்சோ
இத்தனை காலமும் எனக்காகப் பொய்சாட்சி சொல்லியிருக்கிறது.

"தங்கம்தான் உங்களுக்குப் பொருந்தியது" என்றான் கோரி.
பொருந்தியதுதான் என்றேன்.
வால்நட்டைக் கட்டச் சொன்னேன்.
முறுக்காணி மாற்ற நாற்பத்தைந்து,
அதைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தேன்,
குறைக்கவில்லை.

டிரக்கில் பக்கத்து இருக்கையில் பெட்டியை வைத்துக் கிளப்பினேன்.
பீப், பீப் என்று கத்தத் தொடங்கியது வண்டி.
இருக்கைக்கடியில் இருக்கும் மூளைக்கு
யாரோ உட்கார்ந்திருப்பதாக எண்ணம்.
மலைச்சாலையில் இரண்டு மைல் பொறுத்துப் பார்த்தேன்.
பிறகு ஓரங்கட்டி நிறுத்தி
அதற்குப் பெல்ட் போட்டுவிட்டேன்.

பின்னால் மரலாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
காத்திரு என்று கை காட்டினேன், பழக்கதோஷம்,
பிள்ளை ஏறிக்கொண்டிருக்கும்போது
காட்டுவதுபோல.